மீதி இருநூறு

எர்ணாவூர் தாண்டி எத்தனையாவது கல்வளைவு
என்று மட்டும் கேட்காதீர்கள்.
கன்டெய்னர் லாரிகள் தூங்கும் சாலையில்
ஒரு டீக்கடைக்கும் மூடிய பெட்ரோல் பங்குக்கும் நடுவே
ஒரு சந்து போய்க் கடலில் முடியும்.
அங்கே இரண்டு தூண்டில் வளைவுகளுக்கிடையில்
நூற்றெண்பது தப்படி மணல்.
எண்ணியிருக்கிறேன்.

கோவளத்தில் அலைக்கு வரிசை உண்டு,
உன் முறை என் முறை உண்டு,
தலைக்கு மேல் டிரோன் உண்டு.
இங்கே நானும் நாலு நாயும்.
தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள்
அணைக்க மறந்த விளக்குகளோடு.
வடக்கே புகைபோக்கி.
தண்ணீர் என்ன நிறம் என்று யாராவது கேட்டால்
டீ என்பேன்,
பால் குறைவான டீ.

பலகை மூன்றாம் கை மாறி வந்தது.
உடைந்த மூக்கை எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறேன்.
ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வரும்போது
தங்கசாலை சிக்னலில் ஒருவர் கேட்டார்,
"இஸ்திரி மேசையா சார்?"
ஆமாம் என்றேன்.
பச்சை விழுந்துவிட்டது.

எனக்கு வேலை லிஃப்ட்டில்.
வேப்பேரி, புரசைவாக்கம், அண்ணா நகர்,
ஒன்பது மாடி, பதினோரு மாடி.
நடுவில் சிக்கிக்கொண்டவர்கள் கத்தினால்
கதவைப் பிளந்து கை கொடுப்பவன்.
நாள் முழுக்க ஏறி இறங்குகிறேன்
கம்பியின் தயவில்.

ஐந்தரை மணிக்கு
கல்முனையைத் தொட்டுத் திரும்பும் அலை
வாழைப்பட்டை மாதிரி
இடப்பக்கமாக உரிய ஆரம்பிக்கும்.
நாலு வலிப்பு.
ஐந்தாவதில், யாரோ பின்னாலிருந்து
பலகையைப் பிடித்துத் தள்ளுவதுபோல்.
பிறகு கால். பிறகு முட்டி நடுக்கம்.
பிறகு ஒன்பது நொடி.

அந்த ஒன்பது நொடியில் என்ன இருந்ததென்று
பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன்.
பாதத்துக்கடியில் ஒரு உறுமல். அவ்வளவுதான்.
மொட்டைமாடி மோட்டார் அறையின் சுவரில்
கை வைத்தால் தெரியுமே, அது.

பங்குனியில் ஒரு நாள்
கால்கயிறு அறுந்து பலகை தனியாகப் போய்
சுகந்தியின் நண்டு வலையில் விழுந்தது.
அடிச்சிறகு இரண்டு முழம் கிழித்துவிட்டது.
எண்ணூறு என்றாள்.
நானூறு என்றேன்.
கடலைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.
"வெளாட்டு சாமானுக்கு இம்மாம் வாய்" என்றாள்.
அறுநூறில் நின்றது.
பர்சில் இருந்தது நானூறு.

அதிலிருந்து, வலை உதறிக்கொண்டே,
தலையை நிமிர்த்தாமல் எனக்குச் சொல்வாள்:
"இன்னிக்குத் தெண்டி. போ."
"வெள்ளம் ஒண்ணும் இல்ல. போ."
ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள்,
"வன்னி இழுக்குது. எறங்காத."

லீவு நாள் அது. இறங்கினேன்.

வெள்ளம் என்னைத் தெற்கே கொண்டுபோய்
கல்லின்மேல் வைத்தது.
பலகை பிழைத்தது.
முட்டியைக் கொட்டலசு சீவிவிட்டது.
கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்;
எனக்குக் கேட்கவில்லை.
அவள் தம்பி தேசப்பன் கயிறு வீசினான்.
மணலில் கவிழ்ந்து
உப்பைக் கக்கிக்கொண்டிருந்தவன் முதுகில்
அவள் நிழல் விழுந்தது.
திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மீதி எரநூறு இன்னாச்சு?"

முட்டி ஆறிவிட்டது.
இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள்
சட்டைப்பையில் மடிந்து மடிந்து
துணிபோல் ஆகிவிட்டன.
எடுத்துப் போகிறேன். எடுத்து வருகிறேன்.
கொடுத்துவிடலாம்.
கொடுத்துவிட்டால்
நான் கவிழும் ஒவ்வொரு முறையும்
வலையிலிருந்து கண்ணை எடுத்து
தலை ஒன்று மேலே வந்ததா என்று பார்க்க
அவளுக்கு என்ன கிடக்கிறது?

"நாளைக்கு" என்கிறேன்.
"நீயும் ஒன் நாளைக்கும்" என்றுவிட்டு
கப்பல்கள் பக்கம் முகவாயை நீட்டுகிறாள்:

"மொத ரெண்ட வுடு.
மூணாவது பெருசு."